தோள் எலும்பில் ஓர் ஆங்க்கர்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தை வருஷக்கணக்காக ஓட்டியவன் நான். கல்வராயன் மலையின் ஒவ்வொரு வளைவும் எனக்கு அத்துப்படி என்று கேட்காதவர்களிடமும் பீற்றிக்கொள்வேன். ஒருநாள் ஸ்டெப்னி டயரைத் தூக்கியபோது வலது தோளில் ஏதோ பட்டென்று அறுந்தது. அதன்பிறகு சோற்றுக் கையை வாய்வரை கொண்டுபோவதே பெரும்பாடாகிவிட்டது.

"தசைநார் எலும்ப விட்டுப் பிஞ்சி வந்துடுச்சிங்க. ஆங்க்கர் வெச்சித் தைக்கணும். இல்லன்னா ஸ்டீயரிங்க மறந்துடுங்க" என்றார் எலும்பு டாக்டரம்மா. ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது.

மேசைக்குள்ளிருந்து அந்த ஆங்க்கரின் மாதிரியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது. மரை போட்ட உடம்பு, அதில் கோத்த தையல் நூல். எலும்பில் துளை போட்டு இதை இறக்கி, அந்த நூலால் தசைநாரை இழுத்துக் கட்டுவார்களாம். அவ்வளவு பெரிய பேருந்தைத் திருப்புகிற கையை இத்துனூண்டு சாமான் பிடித்து நிறுத்துமா என்று மலைத்துப்போனேன்.

ஆபரேஷன் முடிந்தது. கையைப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டி, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார்.

"நட்டு முறுக்கினா வண்டி அன்னிக்கே ஓடுமேங்க?"

"ஆங்க்கர் பிடிச்சிக்கினுதான் இருக்கும். நாரு எலும்போட தானா ஒட்டணும். அதுக்கு நாளாவும்."

என் மண்டையில் ஏறினால்தானே! ஐந்தாவது வாரம் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. என் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் உளுந்தூர்பேட்டை நாற்கரச் சாலையில் பழகியவர். என் மலையை என்ன பாடு படுத்துகிறார் என்று பார்க்க நானே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். தெரிந்தவர்கள் பார்த்தால் அவமானம் என்று கையைத் தாங்கிய பையையும் கழற்றிவிட்டேன். ஒரு வளைவில் மரவள்ளிக் கிழங்கு லாரி எதிரே வந்தது. "இன்னாய்யா, ஆரன் அடி!" என்று கத்தினேன். இல்லாத ஸ்டீயரிங்கை என் வலது கை தானாக ஒடித்தது. அவர் பிரேக் போட்டதும் அதே கை எதிரிலிருந்த கம்பியைப் பிடித்தது. மொத்த உடம்பும் அதில் தொங்கியது. தோளில் சுளீர் என்றது.

அடுத்த வண்டியில் மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த என் மனைவி, "அவரு வண்டிய ஒழுங்கா ஓட்டிக்கினு போயிட்டாரு. நீங்கதான் சும்மா உக்காந்துக்கினே தோள ஒடச்சிக்கினு வந்துட்டீங்க" என்றாள்.

டாக்டரம்மா ஸ்கேன் கருவியைத் தோளில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "நாரு வுடல. ஆங்க்கர் அதோட வேலைய ஒழுங்கா செய்யுது. நீங்கதான் உங்க வேலைய செய்யல."

"எனக்கு இன்னா வேலைங்க?"

"சும்மா இருக்கிறது."

அப்படித் திட்டு வாங்கியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மிச்ச நாளெல்லாம் வாயைத் தவிர எதையும் அசைக்கவில்லை.

அரை வருஷம் போல ஆனது. பயிற்சியெல்லாம் முடிந்து, கை காதோரம் நேராக உயர்ந்தது. இனி ஓட்டலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார்.

"கால்ல வெக்கிற ராடு மாதிரி, இத எப்பங்க கழட்டணும்?"

"கழட்டவே வேணாம். இது கரையிற வகை. மெதுவா கரைஞ்சிடும். அந்த எடத்துல உங்க எலும்பே வளந்துக்கும்."

தாங்கியதைச் சொல்லிக் காட்டாமல், இருந்த இடமும் தெரியாமல் போகப்போகிறது. வாய் ஓயாத எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுவாரம் வெள்ளிமலை வண்டியை எடுத்தேன். முதல் வளைவில் வலது கை ஸ்டீயரிங்கை முழுதாகச் சுற்றியது. வலியே இல்லை. உள்ளே அது கரைந்துகொண்டிருந்தது.