சிமெண்ட் உட்கார்ந்த மணல்

மணல் குவியலில் முக்கிவிட்டு சிமெண்ட் எழுந்துபோன இடத்தில் ஈரம் இல்லை. முதலில் கண்ணில் பட்டது அதுதான். எனக்குத்தான் புரியவில்லை.

சிமெண்ட் என் பூனை; சாம்பல் நிற ஆண். கூடுவாஞ்சேரியில் கட்டிக்கொண்டிருந்த வீடொன்றுக்கு நான் காவல். எட்டாவதோடு படிப்பை விட்டவன், எந்த ஊரிலும் ஒரு வருடம் தங்காதவன். வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவதாக இருந்தேன்.

அன்று ஐந்தாறு முறை குவியலில் ஏறி முக்கியது. “இன்னாபா, பூனைக்குப் பிரசவம் பாத்துகினு கீறியா?” என்று மேஸ்திரி கபீர் பாய் சிரித்தார். மலச்சிக்கல் என்று நினைத்தேன். சின்ன வயதில் எனக்குச் செய்ததையே செய்தேன். வாயைத் திறந்து ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய். மறுநாளும் ஊற்றினேன். வயிறு கழிந்தது, முக்குவது நிற்கவில்லை.

மூன்றாம் நாள் காலை வாந்தி எடுத்துச் சுருண்டது. அடிவயிறு எலுமிச்சம்பழம் போலக் கெட்டியாக இருந்தது. பழக்கூடையில் வைத்துக் கட்டி, தாம்பரத்துக்கு ரயில் ஏறினேன். அந்தக் கூட்டத்திலும் அது கத்தவில்லை.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டதும், “கடைசியா யூரின் எப்போ போச்சு?” என்றார்.

“தெரியல மேடம். ரெண்டு நாளா எண்ணெய் குடுத்தேன்.”

“மோஷனுக்கு முக்கலண்ணா. யூரின் அடைச்சிருக்கு. நாளைக்கு வந்திருந்தா நான் பாக்க ஒண்ணும் இருந்திருக்காது.”

மயக்க மருந்து கொடுத்து கதீட்டர் (சிறுநீர்ப் பாதையில் செருகும் மெல்லிய குழாய்) போட்டார். அடைத்திருந்த சிறு கல் விலகி, சிறுநீர் ரத்தம் கலந்து இறங்கியது. ஸ்கேனில், இடது சிறுநீரகத்தில் இன்னொரு கல் தெரிந்தது.

“அதையும் எடுத்துடுங்களேன்.”

“பூனைக்கு அந்த ஆபரேஷன் ரிஸ்க். அங்கயே இருந்தா இருக்கட்டும். இறங்கினா திரும்ப இதேதான். தண்ணி நிறைய போகணும். கருவாடு போடாதீங்க.”

மூன்று நாள் சலைன் ஏறியது. கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) குறைந்தது. பழைய நிலைக்கு வரவில்லை.

உங்கள் ஆண் பூனை முக்கினால் எண்ணெய்ப் பாட்டிலைத் தொடாதீர்கள். மணலைத் தொடுங்கள். ஈரம் இல்லையென்றால் அப்போதே கிளம்புங்கள்.

வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் ஆகிவிட்டது. மிச்ச மணலை அள்ளிப்போக லாரி வந்தபோது பூனைக்கென்று ஒரு சட்டி எடுத்துவைத்துக்கொண்டேன். பக்கத்து மனையிலேயே காவல் கேட்டு வாங்கினேன். எனக்கு இப்போது கிழமை தெரிவதில்லை. ஓர் ஈரத்திலிருந்து அடுத்த ஈரம் வரை ஒரு பொழுது. நான் ஒன்றுக்குப் போகும்போதும் சத்தத்தைக் கவனிக்கிறேன்.

இன்று காலை சட்டியில் கை வைத்தேன். ஈரம் இருந்தது, உள்ளங்கையில் பாதி அளவுக்கு. நேற்று உள்ளங்கை முழுக்க இருந்தது.

கூடையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.