இறைச்சி லொறியில் ஏறிய ராசா

தொண்ணூறுகளில், என் மனுசன் இறந்து எட்டாம் மாதம் போன பயணம் இது. ரொறன்ரோவிலிருந்து குதிரை ஏலம் பார்க்கப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் அதிகம் படிக்கவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்தவர். அங்கே ஒரு குதிரையை 'ராசா' என்று கூப்பிடுவார். என்னைக்கூட அப்படி ஆசையாய்க் கூப்பிட்டதில்லை. அதற்கு வயது போய்விட்டது, ஏலத்தில் இறைச்சிக்காரர்தான் எடுப்பார்கள் என்று லாயத்தில் இருந்து சொல்லியனுப்பினார்கள். கடைசியாய் ஒருக்கால் பார்த்துவிட்டு வருவோம் என்று வெளிக்கிட்டேன்.

ரொறன்ரோவில் நாங்கள் இருக்கும் வெக்ஸ்போர்ட்டில் இருந்து பக்கத்து வீட்டுத் தவம் அண்ணையின் வான் வண்டியில், 401 நெடுஞ்சாலையில் மேற்கே நூற்றிருபது கிலோமீற்றர். பெற்றோலுக்குப் பதினைந்து டொலர். இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போனது நல்லதாய்ப் போயிற்று, அங்கே கோப்பியைத் தவிர ஒன்றுமில்லை.

ஏலக் கொட்டகையில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவரே இறைச்சிக்காரர். தவம் அண்ணை சும்மா இருப்பாரா? குதிரையைக் கொல்வது பாவமில்லையா என்று இங்கிலிசில் கேட்டார். பதிலை எனக்குத் தமிழில் சொன்னார்: "இந்த நாட்டில சட்டப்படிதான் செய்யிறாராம். நாங்கள் ஆடு தின்னுறேல்லையோ எண்டு கேக்கிறார்."

"ஓமெண்டு சொல்லுங்கோ அண்ணை. போன ஞாயிறும் ஆட்டுக்கறி காய்ச்சினனான்."

அதற்கு மேல் என்ன நியாயம் கதைப்பது? ஆட்டுக்கு நாங்கள் பேர் வைத்ததில்லை, அவ்வளவுதான்.

ராசா வந்தது. தலையை ஆட்டி ஆட்டி வந்த அழகு, வேட்டைத் திருவிழாவில் சுவாமி குதிரையில் வருகிற மாதிரியே இருந்தது. என்னை அறியாமல் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன்.

ஏலக்காரர் என்னைக் காட்டிக் கத்தினார். இறைச்சிக்காரர் விலையைக் கூட்டினார். ஏலக்காரர் திரும்பவும் என்னைக் காட்டினார்.

"தங்கச்சி, கையை இறக்கும்! குதிரையை வாங்கிறீர்!"

அப்போதுதான் விளங்கியது.

"அப்பிடியெண்டா இறக்கமாட்டன் அண்ணை."

இறைச்சிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். அறுநூறு டொலர். என் மனுசனின் ஆட்டைத் திவசத்துக்கு, அதுதான் முதலாம் வருசத் திவசத்துக்கு, சமைக்க வைத்திருந்த காசு கைப்பையில் இருந்தது.

"இனி உந்தக் குதிரையை எங்க கட்டப்போறீர்? பல்கனியிலயோ?" என்றார் தவம் அண்ணை.

கிழட்டுக் குதிரைகளைப் பார்க்கும் பண்ணை ஒன்றை இறைச்சிக்காரரே சொன்னார். தன் லொறியிலேயே கூலி வாங்காமல் கொண்டுபோய் விட்டார். அந்த லொறியில் ஏறி மேயப் போன முதல் குதிரை இதுதானாம்.

போகிறவர்கள் தடித்த சப்பாத்துப் போடுங்கள். வாங்கும் எண்ணம் இல்லாவிட்டால் கையைப் பொக்கற்றுக்குள் வையுங்கள்.

ஆட்டைத் திவசத்துக்குச் சனம் ஒருவரையும் கூப்பிடவில்லை. ஒரு பை கரட் கிழங்கோடு பண்ணைக்குப் போனேன். வேலியில் நின்று, அவர் கூப்பிடுகிற மாதிரியே "ராசா" என்றேன்.

ஓடி வந்தது.