மேம்பாலத்துக்கு மேலா, கீழா

மனைவி மகள் வீட்டுக்கு விமானம் ஏறிய அந்தத் திங்கட்கிழமை, விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேர வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கு அரை நாள் பிடித்தது. போகும்போது அவள் பக்கத்தில் இருந்தாள். வரும்போது இல்லை.

மெஷின் விஷயத்தில் மனிதர் கில்லாடி. படியேறும்போதே சத்தத்தை வைத்து பெல்ட்டா, பேரிங்கா என்று சொல்லிவிடுவார். வேலை முடித்து இறங்கினால் வேனை எந்தத் தெருவில் விட்டோம் என்பது மறந்திருக்கும். கல்யாணமான புதிதிலேயே இதைக் கண்டுபிடித்த மனைவி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தவள்தான், பிறகு இறங்கவே இல்லை. இடது, வலது என்ற பேச்சே அவர்களுக்குள் கிடையாது. "என் பக்கம் திரும்புங்க." "இப்ப உங்க பக்கம்." அவ்வளவுதான்.

அவர்கள் பாப்பா என்று கூப்பிடும் மகளுக்குத் தலைப்பிரசவம். "நான் சமாளிச்சுக்குவேன்" என்று வாய் கூசாமல் சொல்லி அனுப்பியிருந்தார். சமாளிக்கவில்லை என்று தெரிந்தால் அவள் அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள். மகள் அங்கே தனியாகத் தவிப்பாள்.

மறுநாளே கார் சாமான் கடைக்குப் போனார்.

"போன்லயே மேப் இருக்கேண்ணே," என்றாள் கடைப் பெண்.

"திரும்புற இடம் பாத்துதான் யாராவது போன் பண்ணி தண்ணி ஒழுகுதுங்கறாங்க. தனியா ஒண்ணு குடும்மா. சரியா வழி சொல்லணும்."

அவள் மூன்று கருவிகளை எடுத்து வைத்தாள். "வெட்டவெளியில எல்லாமே கெட்டிக்காரங்கதாண்ணே. மேம்பாலத்துகிட்டதான் சாயம் வெளுக்கும். நாம மேல போறோமா, கீழ போறோமான்னு அதுங்களுக்குக் குழம்பிடும். வாங்க, ஓட்டிப் பாத்துடலாம்."

வேன் மேம்பாலத்துக்கு அடியில் நுழைந்தது. முதல் கருவி, பாலத்தின் மேலே போவதாகச் சாதித்து, சுவருக்குள் திரும்பச் சொன்னது. பெரிய திரை வைத்த இரண்டாவது ஊமையாகிவிட்டது. மூன்றாவதும் முதலில் பாலத்தில்தான் ஏறியது. ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் "பாதை மாற்றப்படுகிறது" என்று கீழே இறங்கி வந்துவிட்டது.

"இதைக் குடு."

"இதுவும் தப்பாத்தானேண்ணே சொல்லிச்சு?"

"சொல்லிச்சு. சட்டுனு ஒத்துக்கிச்சு பாரு. எங்க வீட்டம்மா ஒரு நாளும் ஒத்துக்கிட்டதில்ல."

கருவி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. "இடப்பக்கம் திரும்பவும்" என்றது. அவருக்கோ, அது யார் பக்கம் என்று யோசித்து முடிப்பதற்குள் திருப்பம் பின்னால் போயிருக்கும். ஒரே பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததில் வாசல் காவலாளி எழுந்து நின்று முறைக்க ஆரம்பித்தார். மெக்கானிக் வண்டியை ஓரங்கட்டிய நேரம் பார்த்து மனைவி கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"வேலையில."

"பாதை மாற்றப்படுகிறது," என்றது கருவி.

"வண்டியில யாரு?"

"யாருமில்ல. வழி சொல்ற மெஷின்."

"வழி தப்பிட்டீங்க, அதானே? மறைக்காதீங்க. டிக்கெட்டை மாத்திடவா?"

"அவசரப்படாத. இன்னைக்குப் போக வேண்டிய வீடு எல்லாம் முடிச்சுட்டு சாயங்காலம் கூப்பிடறேன். ஒரு வீடு விட்டுப்போனாலும் நீ கிளம்பி வா."

"பொய் சொல்லக் கூடாது."

"பாப்பா மேல சத்தியமா சொல்ல மாட்டேன்."

போனை வைத்துவிட்டு வேனின் பின்னால் போய்க் கருவிப்பெட்டியைத் திறந்தார். பிரித்த ஒயர்களை மாற்றி இணைத்துவிடாமலிருக்க அவர் எப்போதும் ஒட்டுகிற நீல டேப்பும் சிவப்பு டேப்பும் மேலாகவே கிடந்தன. நீலத்தை வேனின் முன்கண்ணாடியில் இடது ஓரத்திலும் சிவப்பை வலது ஓரத்திலும் ஒட்டினார். ஒயர் என்றால் அவருக்கு யோசனை வேண்டாம், கை தானாகப் போகும். இனி இடம் என்றால் நீலம், வலம் என்றால் சிவப்பு.

கடைசி வீட்டில் மெஷின் தண்ணீரை உதறி நின்றபோது வெளியே வெளிச்சம் மிச்சமிருந்தது. அங்கிருந்தே கூப்பிட்டார்.

"எல்லாம் முடிஞ்சுது."

அவள் ஒவ்வொரு வீடாகக் கேட்டுச் சரிபார்த்தாள்.

"அப்ப நான் இருக்கட்டுமா?"

"இரு."

பேரன் பிறந்து, குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பித்த பிறகு ஒருநாள், வேனில் ஏறி உட்கார்ந்தவரின் போனுக்கு மனைவியிடமிருந்து செய்தி வந்தது.

"தடுப்பூசி போடக் கிளம்பி ரெண்டு தடவை வழி தப்பிட்டோம். பாப்பா ஓட்டறா, நான் குழந்தையோட பின் சீட்டுல. ரோடே தெரியல. நீங்க வாங்கினது என்ன மெஷின்? பேர் அனுப்புங்க. நான் வர இன்னும் ரெண்டு மாசமாகும்."