பெரியப்பா தெருவாசல் வழியாக வந்த நாள்

கார்த்திகை பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலையில் அடிபம்பில் இரண்டு குடம் தண்ணீர் அடித்தேன், கன்றுக்குட்டியை இடம் மாற்றிக் கட்டினேன், பிறகு தலைக்குக் குளித்தேன். ஞாயிறுதோறும் இதே வரிசைதான். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

பாபநாசத்துக்குப் பக்கத்தில், பெரியப்பாவின் பொறுப்பில் நடந்த கூட்டுக் குடும்பம் எங்களுடையது. அம்மா வேளாண்மைப் பட்டம் படித்தவள். தஞ்சாவூரில் பார்த்த வேலையை நான் பிறந்ததும் விட்டிருந்தாள். அந்த ஐப்பசித் தொடக்கத்தில், தெருப்பக்கம் தனிக் கதவு இருந்த அறையில் ஒரு மேசையைப் போட்டு, ‘பயிர் ஆலோசனை. நோய் கண்ட பயிரை வேரோடு கொண்டுவரவும்’ என்று பலகை மாட்டினாள்.

“வேரோட புடுங்கிட்டா அப்புறம் பயிர் ஏது, ஆலோசனை ஏது?” என்றார் பெரியப்பா. கூடமே சிரித்தது.

அறுவடையானதும் நெல் மூட்டை அடுக்குகிற அறை அது. தைக்குள் ஒருவராவது வராவிட்டால் பலகையை இறக்கிவிட வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. அதைக்கூட அம்மாவிடம் நேராகச் சொல்லவில்லை. தம்பி மனைவியோடு முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. நான் நடுவில் நின்று, இருவர் காதிலும் ஏற்கெனவே விழுந்துவிட்டதை இன்னொரு முறை சொல்வேன்.

யாரும் வரவில்லை. பலகையை நின்று படிப்பார்கள். படித்துவிட்டுப் பூச்சிமருந்துக் கடைக்குப் போவார்கள்.

அந்த ஞாயிறு பெரியப்பா வயலிலிருந்து கொல்லை வழியாக வந்தார். முகம் சரியில்லை. மருந்து வாங்கியாயிற்று, தெளிக்க ஆளும் சொல்லியாயிற்று. ஆனாலும் கூடத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, நடுவயல்ல பயிர் வட்டமா தீயுது. மருந்தடிக்கலாமான்னு உங்கம்மாகிட்ட கேளு.”

அம்மா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் இருந்தாள். “வேரோட ஒரு குத்து எடுத்துக்கிட்டு, தெருவாசல் வழியா அந்த ரூமுக்கு வரச் சொல்லு.”

வீட்டுப் பெரியவரை வெளியே போய்ச் சுற்றி வரச் சொல்வதா? பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப வயலுக்குப் போய்விட்டார்.

வந்தார். சேறு சொட்டும் நெற்பயிரைக் கையில் ஏந்தி, டீக்கடைப் பக்கமிருந்து நடுத்தெருவில் நடந்து வந்தார்.

“என்னண்ணே, பயிரோட ஊர்வலம்?” என்று டீக்கடையில் இருந்த ஒருவர் கேட்டார்.

“வைத்தியத்துக்குப் போறேன். பாத்தா தெரியல?”

அம்மா பயிரை அறை மேசையில் வைத்துத் தூரைப் பிரித்துப் பார்த்தாள். அடியில் அப்பியிருந்தது புகையான் பூச்சி. நடுவே சிலந்திகளும் ஓடின.

“பாப்பா, மருந்து வேணாம்னு சொல்லு. பூச்சியத் திங்கிற சிலந்தி செத்துப்போயிடும், பூச்சி இன்னும் பெருகும். தண்ணிய வடிச்சிட்டு, பயிரை அங்கங்க ஒதுக்கி விட்டு, தூருல வெயில் படட்டும்.”

“பொழைக்குமான்னு கேளு.”

“பொழைக்கலன்னா பலகைய நானே எறக்கிடுறேன்னு சொல்லு.”

நான் அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன்.

“காதுல விழுந்துச்சு” என்றார் பெரியப்பா. அதுவரை அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

வயல் பிழைத்தது. தீய்ந்த வட்டம் அதற்குமேல் பரவவில்லை. தையில் நெல் மூட்டைகள் கூடத்தில் அடுக்கப்பட்டன. அம்மாவின் அறைக்குள் ஒன்றுகூட வரவில்லை.

ஆனால் அந்த ஞாயிறு முழுவதும், பெரியப்பாவை அம்மா ஊரறியத் தலைகுனிய வைத்துவிட்டாள் என்று கலங்கிக்கொண்டிருந்தேன். கொல்லையைத் தாண்டிச் சந்தில் திரும்பினால் அந்தத் தெருவாசல் வந்துவிடும். டீக்கடை வழியாகச் சுற்ற வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் வாசல் தெளிக்கப் போன அம்மா, வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். பலகைக்குக் கீழே மூன்று பேர், ஆளுக்கொரு குத்துப் பயிரை வேரோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். பெரியப்பா எழுந்து வந்து பார்த்தார். பல்கூட விளக்கவில்லை, முதல் வேலையாகக் கூடத்து பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய் அந்த அறையில் போட்டார்.