சிவசண்முகம் குகைக்குள் போன கதை

பாளையங்கோட்டை சிவசண்முகம் வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டார். துக்க வீட்டில்கூட முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் பேசி முடித்த பிறகுதான் மற்றவர்களை அழ விடுவார்.

1994 ஆடியில் அவருடைய தங்கை அன்னத்தாயின் கணவர் கைலாசம் தலைமறைவானார். கைலாசம் பள்ளி வாத்தியார், பரம சாது. ஒருநாள் தாளாளர் அவரைப் பிள்ளைகள் முன்னால் முட்டி போடச் சொன்னார். கைலாசம் நாற்காலியைத் தூக்கி அவர் முகத்தில் அடித்துவிட்டார். வாயெல்லாம் ரத்தமாகத் தாளாளர் சாய்ந்ததும், ஆள் செத்துப்போனார் என்று நினைத்துக் கட்டின வேட்டியோடு ஓட்டம்.

"வந்துருவாரு, அழாத" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு சிவசண்முகம் சும்மா இருந்தார். ஆவணியில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம் குறித்தார்கள். "பொண்ணோட மாமா எங்க?" என்று சம்பந்தி கேட்ட பிறகுதான் அவருக்குத் தூக்கம் போயிற்று. பாபநாசத்துக்கு மேலே ஒரு குகையில் யாரோ கிடப்பதாகத் தகவல் வரவும், இஸ்திரி போட்ட வேட்டியோடு மலையேறினார்.

வனக்காவலர் சுடலைமாடன் வழிகாட்டினார். குகை வாசலில் சிவசண்முகம் நின்றுவிட்டார்.

"காடு உம்ம பொறுப்புல்லா. நீரு முன்ன போம்வே."

"மாப்பிள்ள உங்களுக்குல்லா, அண்ணாச்சி."

வேறு வழியில்லாமல் தவழ்ந்தார். வௌவால் ஒன்று காதை உரசியதும் "முருகா" என்று அலறி டார்ச்சை நழுவவிட்டார். இருட்டிலிருந்து ஒரு கை அவர் தோளைப் பிடித்தது.

"அத்தான், பைய. இங்கன பள்ளம் கெடக்கு."

கைலாசம்தான். தாடியும் அழுக்கு வேட்டியுமாக இருந்தார். சிவசண்முகம் மூச்சு வாங்கி முடித்ததும் ஆரம்பித்தார். குடும்ப கௌரவம், தாத்தா கோயில் திருவிழாவில் நடத்திய மண்டகப்படி, சம்பந்தி வீட்டார் கேட்ட கேள்வி என்று நீண்டுகொண்டே போனது.

"நான் கொலகாரன், அத்தான். நல்ல காரியத்துக்கு என்னய எதுக்குக் கூப்பிடுதிய?"

"குறுக்க பேசாதிய, மாப்ள. அந்தாளுக்கு என்ன? ஒதடு கிழிஞ்சுது, பல்செட்டு ஒடைஞ்சுது. புதுசு மாட்டிக்கிட்டு முறுக்கு திங்கான்."

கைலாசம் வெகுநேரம் அழுதார்.

"இத வந்ததும் சொல்லப்பிடாதா, அத்தான்?"

"எதையும் ஒரு வரிசையாத்தான் சொல்லணும்."

போலீஸில் ஆஜரானார்கள். வாத்தியாரை முட்டி போடச் சொன்ன சங்கதி கோர்ட்டில் வெளிவரும் என்று பயந்து தாளாளர் புகாரைத் திரும்பப் பெற்றார்.

நிச்சயதார்த்தத்தில் கைலாசம் தாடியை மழித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பாத்திரம் விழுந்தாலும் திடுக்கிட்டார். சிவசண்முகமோ தாம் குகைக்குள் புகுந்து மாப்பிள்ளையை மீட்ட வீரத்தைப் பந்தி பந்தியாகச் சொன்னார்.

பரிமாற வந்த அன்னத்தாய் கேட்டாள்: "ஏண்ணே, ஒம்ம மகளுக்கு நிச்சயம் குறிக்கலன்னா எங்க வீட்டாளு இன்னும் அங்கனதான் கெடந்திருப்பாரு, என்ன?"

அவர் காதில் விழவில்லை. அடுத்த இலைக்காரரிடம் வௌவாலின் அளவைக் கைவிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.