முழுகாம இருந்த மாசங்கள்

முதல் ஊசி போட்ட கையோடு டாக்டரம்மாவிடம் நான் கேட்டது, "திரும்பி வந்துருமுங்களா?" என்றுதான். அவர் பஞ்சை என் இடுப்பில் அழுத்திக்கொண்டே சிரித்துவிட்டார். "இத்தனை நாளா எப்ப நிக்கும், எப்ப நிக்கும்னு அழுதீங்க. மருந்து இன்னும் உள்ள இறங்கவே இல்ல, அதுக்குள்ள திரும்பி வருமான்னா எப்படிம்மா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிற நிலையில் இருந்தேன்.

என் கர்ப்பப்பையில் கட்டிகள் இருந்தன. ஸ்கேன் எடுத்த டாக்டர் ஒன்று எலுமிச்சை அளவு, ஒன்று ஆரஞ்சு அளவு, மற்றவை நெல்லிக்காய் என்று சொல்லிக்கொண்டே போனார். பழக்கடையிலா நிற்கிறேன் என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். மாதவிலக்கு வந்தால் மாதத்தில் பாதி நாள் ஓடியது. குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியின் ஆபீஸில் எனக்குக் கணக்கு வேலை. நாற்காலியில் கறுப்புத் துண்டு விரித்து உட்காருவேன். எழுந்திருக்கும்போது திரும்பிப் பார்க்காமல் நகர மாட்டேன். ரத்தம் குறைந்து முகமெல்லாம் வெளிறிப்போய், ஆபீஸ் படியேறுவதற்குள் மூச்சு வாங்கியது.

ஊரில் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் ஒரே பாட்டு. எடுத்துவிடலாம், கர்ப்பப்பையோடு எடுத்துவிடலாம், தொல்லை ஒழிந்தது. தொல்லையாம்! எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தை இல்லை. அந்தப் பை ஒன்றைத்தான் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கோயம்புத்தூர் டாக்டரம்மாதான் வேறு வழி சொன்னார். மாதம் ஒரு ஊசி, மூன்று மாதம். சினைப்பைக்கு மூளையிலிருந்து போகிற உத்தரவை அது நிறுத்திவிடும். ஹார்மோன் சுரக்காது, மாதவிலக்கு வராது, கட்டிகள் சுருங்கும். நின்றிருக்கும் நாட்களில் உடம்பில் ரத்தம் ஏறும். அதற்குப் பிறகு கட்டிகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் பையை வைத்துத் தைத்துவிடலாம். "ஆனா திறந்து பார்க்கும்போது ரத்தம் நிக்காம போச்சுன்னா, உங்க உயிருக்காகப் பையை எடுக்க வேண்டி வரலாம். அதுக்கும் நீங்க மனசைத் தயார் பண்ணிக்கணும்" என்றார். தலையை ஆட்டினேன். மனசு எங்கே தயாரானது?

பனிக்காலத்தில் தேயிலைச் செடி கொழுந்து விடாமல் அப்படியே நிற்குமே, அப்படித்தான் இதுவும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உறைபனி கருக்கிய செடி சிலது அப்புறம் தளிர்ப்பதே இல்லை. அதையும் பார்த்திருக்கிறேன். போதாததற்கு என் அம்மாவுக்கு நாற்பதிலேயே நின்றுவிட்டது. ஊசி நிறுத்தியது நின்றபடியே நின்றுவிட்டால்? இந்த ஒரு கேள்வி காலையில் என்னோடு எழுந்து, என்னோடு ஆபீஸுக்கு வந்து, என்னோடு வீட்டுக்குத் திரும்பியது.

வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை என்றால் மாமியார். வீட்டுக்காரருக்குக் குந்தா பக்கம் மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. லீவு கிடைத்தால் வருவார். ஊசி விஷயத்தை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் போனில் முந்திக்கொண்டார். "சத்து ஊசிம்மா, ரத்தம் ஊறறதுக்கு" என்று சொல்லிவிட்டார்.

"ஏனுங்க, எதுக்கு இப்படிப் பொய் சொல்றீங்க?" என்று பிடித்துக்கொண்டேன்.

"கட்டின்னு சொன்னா அம்மா வேற என்னவோன்னு நெனச்சு ஊரையே கூட்டீரும். விடு, எல்லாம் முடிஞ்சப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. 'ஊட்டுக்குத் தூரம்' ஆனால் சமையல்கட்டுக்குள் போகக்கூடாது. முன்னறைக் கட்டிலில் படுக்கை. எனக்கென்று நீலக் கரை போட்ட தட்டு ஒன்று. அந்த நாட்களில் அத்தை அலமாரியிலிருந்து அதை எடுத்துச் சோறு போட்டுக் கொண்டுவந்து வைப்பார். கல்யாணமான புதிதில் அந்தத் தட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாதத்தில் பாதி நாள் தூரமாகவே இருக்க ஆரம்பித்த பிறகு, முட்டி வலியோடு அத்தை ஒற்றை ஆளாக அடுப்படியில் நிற்பதைப் பார்த்துக் கோபப்படவும் முடியவில்லை.

முதல் ஊசிக்குப் பிறகு ஒரு தடவை இன்னும் மோசமாகவே ஓடியது. முதலில் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார், இருந்தாலும் நடுங்கிப்போனேன். பிறகு நின்றது. அடியோடு நின்றது. நீலத் தட்டு அலமாரியிலேயே கிடந்தது.

அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. ஃபேக்டரியில் எல்லோரும் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக உட்கார்ந்திருக்கும்போது எனக்கு மட்டும் கழுத்திலிருந்து காது வரை குபீரென்று அனல் ஏறும். வேர்த்து வழியும். ஜன்னலைத் திறந்தால் மேனேஜர் கத்துவார். "அம்மா, மஞ்சு உள்ள வருது!" மூடுபனி வந்தால் வரட்டும். தேயிலை காயவைக்கிற டிரையருக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது எனக்கு. செல்போனில் தேடிப் பார்த்தேன். சூடு வரும், தூக்கம் போகும், எலும்பு தேயும், எரிச்சல் வரும் என்று போட்டிருந்தது. எரிச்சல் எனக்கு ஊசிக்கு முன்பே இருந்தது, அதை மருந்தின் கணக்கில் எழுத முடியாது. எலும்பு என்று படித்ததிலிருந்து படியிறங்கும்போதெல்லாம் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன்.

இரண்டாவது ஊசி போட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ் மலைப்பாதையில் பர்லியாரில் நின்றது. கடைகளில் ஆரஞ்சு குவித்து வைத்திருந்தார்கள். என் கண்ணுக்கு அவை ஆரஞ்சாகவே தெரியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வண்டி மறுபடி மேலே ஏறத் தொடங்கியதும் அனல் வந்தது. காலையிலிருந்து வெறும் வயிறு. கொண்டை ஊசி வளைவுகள் எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம், ஒருநாளும் வாந்தி எடுத்தவள் இல்லை. அன்றைக்கு எடுத்தேன். வீட்டு வாசலில் இறங்கியும் எடுத்தேன். அத்தை ஓடி வந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல, இப்படித்தான் இருக்கும்" என்றார். எப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து அத்தை ஒரு தினுசாகிவிட்டார். தண்ணீர்க் குடத்தைத் தொட விடவில்லை. வீட்டில் பப்பாளி காணாமல் போனது. அன்னாசிப்பழம் வாங்கி வந்தேன், பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. "என்ன திங்கோணும்னு தோணுது, சொல்லு சாமி" என்று தினமும் ஒரு கேள்வி. ரத்தம் குறைந்தவள் என்று இரக்கப்படுகிறார் போல என்று நினைத்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது, அத்தனை வருடம் முறைத்துக்கொண்டு திரிந்ததற்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் துணி எடுக்கப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா. சிலோன் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். அத்தை அவர் காதோரம் குனிந்து குசுகுசுவென்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ற மருமவ முழுகாம இருக்கறாங்க. ஆருகிட்டயும் சொல்லீராதீங்க, கண்ணு பட்டுரும்."

எனக்குக் கையிலிருந்த துணி நழுவியது. மாதம் முடிந்து தலை முழுகவில்லை என்றால் உண்டாகியிருக்கிறாள் என்றுதானே நம் பேச்சு. இந்தக் குளிருக்கு மலையில் பாதிப் பேர் முழுகாமல்தான் திரிகிறோம் என்று வேறு சமயமாக இருந்தால் நானே கிண்டல் அடித்திருப்பேன். அத்தை நீலத் தட்டை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். வாந்தியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். நான் பன்னிரண்டு வருடமாக ஏங்கிய சொல்லை, நடக்காத ஒன்றுக்காக, அவ்வளவு ஆசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஐயோ, அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை.

உள்ளே வந்த அத்தையிடம் மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். என் வாய் எங்கே மெதுவாகப் பேசியிருக்கிறது? "அத்தை, நான் முழுகாமயெல்லாம் இல்லீங்க! கட்டிக்கு ஊசி போட்டு நிறுத்தி வெச்சிருக்குது! உங்க மகன்தான் சத்து ஊசின்னு பொய் சொன்னாரு!" என்று கத்திவிட்டேன். கட்டி, ஊசி, ஆபரேஷன், எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன்.

அத்தை அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சின்னக் குரலில் கேட்டார்.

"நிறுத்துனதுன்னா... ஒரேயடியாவா கண்ணு?"

நான் தினமும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. "தெரியலீங்க அத்தை. திரும்பி வந்துரும்னு டாக்டரம்மா சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றேன்.

அத்தை தரையில் உட்கார்ந்து என்னையும் இழுத்து உட்கார வைத்தார். "என்ற பையை எடுத்துட்டாங்க" என்றார். "உன்ற ஊட்டுக்காரன் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்ப. இன்னொரு கொழந்தைக்கு ஆசைப்பட்டுட்டு இருந்தேன். ரத்தம் நிக்கல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல ஆரும். எந்திரிச்சுப் பாத்தா இல்ல."

"அவருக்குத் தெரியுமுங்களா?"

"அவனுக்குக் குடல்வால் ஆபரேஷன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

ஆத்தாளும் மகனும் நல்ல ஜோடி! அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து, "உன்றத எடுக்க உட்றாத" என்றார்.

மூன்றாவது ஊசியும் முடிந்தது. ஆபரேஷனுக்கு வீட்டுக்காரரோடு அத்தையும் கோயம்புத்தூர் வந்தார். தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது எனக்குச் சாமி பேர் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. பை, பை, பை என்றுதான் மனசுக்குள் ஓடியது. மயக்கம் தெளிந்ததும் நாக்கு குழற நான் கேட்டேன், "இருக்குதுங்களா?" நர்ஸம்மா குனிந்து, "வெளியதான் இருக்காரும்மா, டீ குடிக்கப் போயிருக்காரு" என்றார். அந்த ஆளை யார் கேட்டது! டாக்டரம்மா வரும்வரை உயிர் என்னிடம் இல்லை. வந்தவர் என் தோளைத் தட்டினார். "இருக்கு. கட்டியெல்லாம் எடுத்தாச்சு, பை பத்திரமா இருக்கு. ஊசியோட வேகம் குறைஞ்சு மாசம் தானா வரணும். வந்தாத்தான் எல்லாம் பழையபடி வேலை செய்யுதுன்னு அர்த்தம். பொறுத்திருங்க."

பொறுமையா? எனக்கா? வீட்டுக்கு வந்த பிறகு வயிற்றில் லேசாகச் சுருக்கென்றாலும் பாத்ரூமுக்கு ஓடினேன். ஒன்றும் இருக்காது. தையல் வலியாக இருக்கும், வாயுவாக இருக்கும். அனல் வருவது குறைந்தது. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. ஆபீஸுக்குத் திரும்பியும் கூட்டல் தப்பித் தப்பிப் போனது. காலையில் அத்தை சமையல்கட்டிலிருந்தே கேட்பார், "தட்டு எடுக்கட்டுமா கண்ணு?" எங்களுக்குள் அதுதான் பேச்சு. "வேண்டாமுங்க அத்தை" என்பேன். அவரும் வேறெதுவும் கேட்க மாட்டார். பாத்திரம் உருட்டுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும். சில நாள் அவர் கேட்பதற்கு முன்பே வேண்டாமுங்க என்று நான் சொல்லிவிடுவேன், எரிச்சலில். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டால் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றார். இன்னும் எவ்வளவு கொஞ்சம்? என் அம்மாவின் நாற்பது வயசு ராப்பகலாகக் கண்முன் நின்றது.

அன்றைக்கு ஆடி வெள்ளி. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அத்தை குளித்துவிட்டு மாவிளக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். நான் பாத்ரூமில் இருந்தேன். கண்ணை நம்பாமல் இரண்டு தடவை பார்த்தேன். வந்து சமையல்கட்டு வாசப்படிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"அத்தை, தட்டு எடுங்க."

அத்தை திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். மாவுக் கையோடு எழுந்து நேராகப் பின்கதவைத் திறந்து, மழையைப் பார்த்துக் கத்தினார். "ஏனுங்கோ! அக்கா! என்ற மருமவளுக்கு வந்துருச்சுங்கோ!"

"யாரு வந்தது?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல். "மகனா?"

"அவன் கெடக்கறான்! தூரமுங்க! தூரம்!"

முழுகாம இருக்கிறாள் என்பதைக் காதோரம் குசுகுசுத்த மனுஷி, ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லாத சொல்லை ஆடி வெள்ளியும் அதுவுமாகத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கூவிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பழக்கதோஷத்தில் முன்னறைக் கட்டிலுக்குத் திரும்பினேன்.

"எங்க போற?" என்று கையைப் பிடித்தார் அத்தை. மாவு என் மணிக்கட்டெல்லாம் ஒட்டியது. "அங்க குளுரும். அடுப்புக்கிட்ட வந்து உக்காரு."

"அத்தை, சாமிக்கு மாவு..."

"இருக்கட்டும், உக்காருங்கறேன்."

வாசப்படியைத் தாண்டி உள்ளே போய் அடுப்போரம் உட்கார்ந்தேன். அத்தை நீலத் தட்டை எடுத்தார். மாவில் ஒரு உருண்டை பிடித்து, அதில் வைத்து என்னிடம் நீட்டினார். அதே நேரம் அடிவயிற்றில் பழைய வலி பிடித்து இழுத்தது. முட்டியை மடக்கிக்கொண்டேன்.

"வலிக்குதா கண்ணு?"

"ஆமாங்க அத்தை" என்றேன். "நல்லா வலிக்குதுங்க."