ஒன்றை மட்டும் தொடவும்

வீடு வீடாகக் கேள்வி கேட்கும் வேலையில், நாய்க்கு அடுத்தபடி பயப்பட வேண்டியது பதிலுக்குத்தான். கையில் தொடுதிரை டேப்பும் கழுத்தில் அட்டையுமாக மலையேறும் தோழிகளே, உங்களுக்குத் தெரியாததா? நமக்குக் கொடுத்தது ஒரே கேள்வி: அரசின் முன்னுரிமை எதுவாக இருக்க வேண்டும்? பள்ளிக்கூடம், விலைவாசி, சுற்றுச்சூழல். ஒன்றை மட்டும் தொடவும்.

பதிலை நாம் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பது சட்டம். எனக்கோ எல்லோரும் பள்ளிக்கூடத்தைத் தொட வேண்டும். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இன்னும் குறைந்தால் கீழூர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். அந்த வழி முழுக்கக் காட்டெருமை. என் மகளுக்கு ஜூனில் ஒன்றாம் வகுப்பு.

முன்னுரிமை

வெள்ளக்கடையில் எஸ்டேட் வேலைக்குப் போகும் ஓர் அக்கா. நான் 'முன்னுரிமை' என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளே ஓடி ரேஷன் கார்டை எடுத்து வந்தார். அது வேறு அக்கா, இது உங்கள் கருத்து என்று கான்வென்ட் தமிழில் விளக்கினேன். அவர் கார்டைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"எங்களுக்கு முன்னுரிமை இல்லைன்னு கார்டுலயே போட்டுட்டாங்க அம்மிணி. அப்புறம் எங்களை எதுக்குங்க கேக்கறீங்க?"

சுற்றுச்சூழல்

கரடியூரில் சின்னதாகக் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், சாய்ந்த வேலியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். முந்தின நாள் காட்டெருமை புகுந்து செடிகளை மிதித்துவிட்டதாம். "பேரப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?" என்று பள்ளிக்கூடத்தின் பக்கம் மெல்லத் தள்ளிப் பார்த்தேன். அவர் கண் மூன்றாவது பதிலிலேயே நின்றது.

"ஏனுங்க, அது என்ற தோட்டத்துக்குள்ள வந்தா அதுக்குப் பேரு சுற்றுச்சூழல். நான் காட்டுக்குள்ள விறகு பொறுக்கப் போனா அதுக்குப் பேரு ஃபாரஸ்ட் கேஸுங்களா?"

விலைவாசி

செம்மநத்தத்தில் ஒருவர் பைக் என்ஜினை அணைக்காமலே பதில் சொல்ல வந்தார். மகனை ஊர்ப் பள்ளியிலிருந்து எடுத்து, ஏற்காட்டில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்து, ஃபீஸும் பள்ளி வேன் காசும் கட்டுகிறார். விரல் பள்ளிக்கூடத்துக்குப் போனது, விலைவாசிக்கு இறங்கியது, மறுபடி ஏறியது. கடைசியில் இரண்டு விரலால் இரண்டையும் ஒன்றாகத் தொட்டார். டேப் அப்படியே நின்றுவிட்டது.

"ரெண்டையும் தனித்தனியா போட்டிருக்கறீங்க. எங்க ஊட்டுக்கு ரெண்டும் ஒரே வேன்லதானுங்க வருது."

பள்ளிக்கூடம்

கடைசியாக எங்கள் ஊர்ப் பள்ளி. "பாருங்கள் டீச்சர், எத்தனை பேர் பள்ளிக்கூடத்தைத் தொட்டிருக்கிறார்கள்!" என்று தலைமையாசிரியையிடம் டேப்பை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நொம்ப சந்தோசம் என்றார். பிறகு சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து வைத்தார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்த கான்வென்ட்டின் விண்ணப்பம், பூர்த்தி செய்யப்பட்டு, அப்போது என் பைக்குள் இருந்தது. மகளை இங்கே சேர்த்த பிறகு பள்ளியை மூடிவிட்டால், அவள் அந்த வழியில் நடக்க வேண்டும். சேர்க்காவிட்டால், மூட வைத்தவர்களில் நானும் ஒருத்தி. பையை இடுப்போடு இறுக்கிக்கொண்டேன். டீச்சர் பேனா மூடியைக் கழற்றினார்.

"தொட்டவங்க இருக்கட்டும் கண்ணு. உம்பட புள்ள பேரை எழுதட்டுமா?"

கேள்வி கேட்க இன்னும் ஒரு வீடு பாக்கி என்று சொல்லிக் கிளம்பி வந்துவிட்ட நான், டேப்பில் என் வீட்டு எண்ணுக்கு நேராக 'வீடு பூட்டியுள்ளது' என்று பதிந்துவிட்டு, அதே வீட்டுக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.